ராசி மெத்தை

விசுவாசத்தின் விலை முப்பத்தெட்டாயிரம். கழுத்துப்பட்டை, சாப்பாட்டுக் கிண்ணம் சேர்த்து எடுத்தால் நாற்பது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு முப்பத்தைந்து வரை இறங்கும். அதற்குக் கீழே விசுவாசம் கட்டுப்படியாகாது என்று கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவார். அந்தக் கைக்குக் கீழே இருக்கும் சட்டைப் பையில்தான் கால்குலேட்டர் இருக்கும்.

"விசுவாசம் இங்கே கிடைக்கும்" என்று கண்ணாடிக் கதவில் தங்க நிற எழுத்தில் போட்டிருந்தார். நாய்க்குட்டிக் கடை என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். ஐந்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஏசி ஓடும் பளபளப்பான கடை. உள்ளே வரிசையாகக் கூண்டுகள். கூண்டுகளுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை. மேடைமேல் சிவப்பு வெல்வெட் மெத்தை.

அந்த மெத்தைதான் கடையின் ராசி. கடை திறந்த அன்று முதலில் விலைபோன குட்டி அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்ததாம். வந்தவர் பேரமே பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனாராம். பேரம் பேசாத வாடிக்கையாளரைக் கண்ணால் கண்ட வியாபாரி அந்த இடத்தை லேசில் மறப்பானா? அன்றிலிருந்து எந்தக் குட்டி விற்றாலும் அதை அந்த மெத்தையில் உட்காரவைத்து, வாங்கிய குடும்பத்தைச் சுற்றி நிற்கவைத்து, ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் ரசீது. மெத்தையைத் துவைத்தால் ராசி போய்விடும் என்பதால் துவைப்பதில்லை. ரோஜா வாசனைத் தண்ணீரைத் தெளித்து ஒரு துடை, அவ்வளவுதான்.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் மூன்று நாள் உத்தரவாதம். அதற்குள் குட்டிக்கு ஏதாவது என்றால் வேறு குட்டி கொடுப்பார். நாலாம் நாள் பிறந்துவிட்டால் எல்லாம் உங்கள் வளர்ப்பு.

கடைக்காரரின் தங்கை கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள். அண்ணன், அண்ணியோடு அதே குடியிருப்பின் நாலாவது மாடியில் இருந்தாள். சுற்று வட்டாரத்து மருத்துவமனைகளில் வாந்தியும் ரத்தபேதியுமாக வந்து சேரும் குட்டிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அவளுக்கு அனுப்புவார்கள். பார்வோ வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த ரகம், அந்த ரகம் எந்தத் தெருவில் திரிகிறது என்று பார்த்துச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் கலர் கலராக ஊசி குத்துவது அவள் வேலை. நாள் முழுக்கக் குச்சியோடு மாரடிப்பதாலும், ஆளும் ஒல்லி என்பதாலும், அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் குச்சி டாக்டர்.

அவர்கள் அப்பா துணி வியாபாரி. பிள்ளைகள் இருவரும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். அண்ணன் விற்கக் கற்றுக்கொண்டார். தங்கை, துணியை அளக்கும்போது விற்பவரின் விரல் எங்கே வழுக்குகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் வழக்கம்போல் கேட்டார்.

"இன்னிக்கு எத்தனை குச்சி, டாக்டர்?"

"ஒன்பது. அதுல ஒரு விஷயம். நம்ம ஏரியாவுல இருந்து வந்த நாலுலயும் புதுசா ஒரு மாற்றம் இருக்கு. நான் வேற எங்கயும் இதைப் பார்த்ததில்லை."

"புதுசுன்னா? ஊசிக்கு மசியாதா?"

"யார் சொன்னா? இப்ப போடற ஊசியே இதுக்கும் கேக்கும். இது சும்மா ஓர் அடையாளம். ஒரே குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ஒரே இடத்துல மச்சம் இருக்கும் பாரு, அந்த மாதிரி. எங்கிருந்து பரவுதுன்னு கண்டுபிடிக்க உதவும்."

அண்ணன் தலையாட்டிக்கொண்டே தட்டை வழித்தார். சொன்னதில் ஒரு வார்த்தைதான் அவர் காதில் தங்கியது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. புதுசு. வியாபாரி வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மவுசே தனி.

இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பியவள் கடை வாசலில் நின்றுவிட்டாள். புதுப் பலகை. "எச்சரிக்கை. நம் பகுதியில் புதிய ரகப் பார்வோ. ஆய்வுக்கூட நிபுணர் உறுதி. தெருநாய்களிடமிருந்து உங்கள் செல்லத்தைக் காக்கக் கவசத் தொகுப்பு, ஆயிரத்து எண்ணூறு மட்டும்." கண்ணாடிக்குப் பின்னால் தொகுப்பே காட்சிக்கு இருந்தது. ஒரு சத்து டானிக், ஒரு வாசனை ஸ்பிரே, ஒரு சீப்பு.

சீப்பைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கண்ணுக்குத் தெரியாத வைரஸை வாரி எடுத்துவிடலாம் என்று நினைத்தானா இந்த மனிதன்?

லிஃப்டுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு வேறு ஒட்டியிருந்தது. புதிய வைரஸைப் பரப்பும் தெருநாய்கள் ஞாயிறு காலை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தப்படும். செலவைக் கடை உரிமையாளர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டுள்ளார்.

நேரே கடைக்குள் போனாள்.

"பலகையில நிபுணர்னு போட்டிருக்கியே, என்னைக் கேட்டியா?"

"உன் பேரையா போட்டேன்? நிபுணர்னுதானே போட்டேன். பெருமைப்படும்மா."

"சீப்பு எதுக்கு?"

"தொகுப்புன்னா மூணு பொருளாவது வேணும். அப்பா சொல்லிக்கொடுத்தது மறந்துபோச்சா?"

"அண்ணா, விளையாடாத. அந்த நாலு குட்டியும் யார் வித்தது?"

அண்ணன் கல்லாவைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். "நாலும் நம்மகிட்ட வாங்கினதுதான். அதுக்கு நான் என்ன பண்ண? இங்க இருந்து போகும்போது துள்ளிக் குதிச்சுட்டுப் போச்சு. வீட்டுக்குப் போய் அஞ்சாறு நாள் கழிச்சு வாந்தி. வெளிய நடக்க விட்டிருப்பாங்க, தெருநாய் மோந்திருக்கும். ஊசி போட்டுத்தான் குடுத்தேன்."

"எப்ப போட்ட?"

"விக்கிற அன்னிக்குத்தான். வாங்கறவங்க கண்ணுக்கு முன்னாடி போட்டாத்தானே ஒரு நம்பிக்கை?"

"ஊசி வேலை செய்யவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நீ போட்டது மழை கொட்டும்போது குடை தைக்கக் குடுத்த கதை. பார்வோ உள்ள போய் வெளிய தலைகாட்ட நாலஞ்சு நாள், சமயத்துல ஒரு வாரம் ஆகும். அப்ப எங்க இருக்கும்போது ஒட்டியிருக்கும்?"

"அதெல்லாம் உன் லேப் கணக்கு. என் உத்தரவாதம் மூணு நாள்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நோய்க்கு ஐந்து நாள், உத்தரவாதத்துக்கு மூன்று நாள். வைரஸும் அண்ணனும் கூட்டு வியாபாரம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாகத் தேதி குறித்திருக்க முடியாது. சரி, குட்டியை விற்றான், தொலையட்டும். பயத்தையும் சேர்த்து விற்கிறானே, அதுவும் தன்னிடமிருந்து திருடிய பயத்தை, என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

எதிர்ப்புறம் டூவீலர் மெக்கானிக் கடை. வட்டாரத்தில் இருந்ததே மூன்று தெருநாய்கள். மூன்றும் அவன் கடையில்தான் படுக்கும். கறுப்பாக, வயிற்றில் குட்டியோடு இருந்தவளுக்கு கிரீஸ் என்று பெயர். மற்ற இரண்டு ஆண்களும் நட்டு, போல்ட்டு.

"வண்டியில ஏத்தி எங்க கொண்டுபோய் விடுவாங்களாம்?" என்று மெக்கானிக் கேட்டான்.

"அப்புறப்படுத்தறதுன்னு போட்டிருக்கு."

"அதான் எங்கன்னு கேக்கறேன். அந்தப் புறம் எந்தப் புறம்னு சங்கத் தலைவர்கிட்டயும் கேட்டுட்டேன். வண்டிக்காரனுக்குத்தான் தெரியுமாம். வண்டிக்காரனைக் கேட்டா, தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்னு சிரிக்கிறான். இவ இன்னும் பத்து நாள்ல குட்டி போட்டுடுவா டாக்டரம்மா."

"பிடிச்சுக்கோங்க. மூணு பேருக்கும் குச்சி எடுக்கணும்."

கிரீஸ் பெருந்தன்மையோடு திரும்பி நின்றாள். நட்டுவும் சமாளித்துக்கொண்டது. போல்ட்டு மட்டும் பின்பக்கம் குச்சி பட்டதும் மானம் போனதுபோல் ஊளையிட்டு ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றான் மெக்கானிக்.

மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம் கடைக்குப் போனாள். அண்ணி கல்லாவில் இருந்தாள்.

"அண்ணி, அந்த மெத்தையைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கணும்."

"உங்கண்ணன் பார்த்தா கத்துவார். என்னையே தூசி தட்ட விடமாட்டார்."

"தட்ட வேண்டாம். துடைச்சு எடுக்கறேன், குச்சியால."

அண்ணி கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "எடுத்துக்கோ. மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். ரெண்டு மாசம் முன்னாடி வந்த ஒரு குட்டி அதுமேல வாந்தி எடுத்துச்சு. பயண அலுப்புன்னு சொன்னார். மறுநாள் அது கூண்டுல செத்துக்கெடந்தது. நான் வாசனைத் தண்ணி ஊத்தி நல்லாத்தான் துடைச்சேன்."

"வாசனைத் தண்ணிக்கெல்லாம் பார்வோ சாகாது அண்ணி. சோப்புக்கும் சாகாது, பினாயிலுக்கும் சாகாது. பிளீச்சிங் பவுடர் வேணும். இல்லைன்னா மாசக்கணக்கா அப்படியே உக்கார்ந்திருக்கும்."

அண்ணி மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "இத்தனை நாள் ரோஜா வாசனையோட உக்கார்ந்திருந்திருக்கு."

சனிக்கிழமை மதியம் எல்லாக் குச்சிகளும் பேசிவிட்டன. மெத்தையில் பார்வோ, அதே மச்சத்தோடு. செத்த நாலு குட்டிகளிலும், நேற்று வந்த ஐந்தாவதிலும் அதே மச்சம். கிரீஸுக்கு ஒன்றுமில்லை, நட்டுவுக்கும் ஒன்றுமில்லை. போல்ட்டுவிடம் மட்டும் பார்வோ இருந்தது. தங்கை அந்தச் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு ரகத்தைப் பார்த்தாள். நகரம் முழுக்க வருஷக்கணக்காகத் திரிகிற பழைய ரகம், மச்சம் கிடையாது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள வளர்ந்த நாய், நோய் வராமலே கொஞ்சம் சுமந்துகொண்டு திரிகிறது. அதே ஜாதி வைரஸ், ஆனால் வேறு குடும்பம்.

சங்கக் கூட்டம் அன்று சாயங்காலம். அதற்கு முன்னால் அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். கூடப் பிறந்தவன், நாலு பேருக்கு முன்னால் முதன்முறையாகக் கேட்க வேண்டாமே என்றுதான்.

அண்ணன் முழுவதும் கேட்டார். முகம் வெளுத்தது, பிறகு யோசனையில் ஆழ்ந்தது, பிறகு அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த வெளிச்சம் வந்தது. பேரத்தின் வெளிச்சம்.

"சரி. பாதிப் பாதி வெச்சுக்கலாம். மெத்தையை இன்னிக்கே எரிச்சுடறேன். பலகையை எடுத்துடறேன். சீப்பையும் எடுத்துடறேன், போதுமா? நீ கூட்டத்துல வாயைத் திறக்காத. வண்டி வரட்டும், கடை நடக்கட்டும்."

"நாய்ங்க?"

"ஒண்ணுக்கு இருக்குன்னு நீயே சொல்றியே."

"அது வேற ரகம். உன் குட்டிங்களைக் கொன்னது அது இல்லை. சரி, அப்படியே வெச்சுக்க. மத்த ரெண்டும்?"

"ஒண்ணுக்காக வண்டி வருமா? மொத்தமா எடுத்தாத்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "அண்ணா, வாங்கினவங்களுக்குச் சொல்லணும். இன்னும் சாகாத குட்டிங்க இருக்கு. முதல் வாந்தி அன்னிக்கே தூக்கிட்டு வந்து டிரிப்ஸ் ஏத்தினா பாதிக்கு மேல பிழைக்கும். தெரியாமலே உக்கார்ந்திருப்பாங்க."

"சொன்னா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"உனக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். பஸ் டிரைவருக்கு நாளைக்கு ரெண்டாவது குட்டி குடுக்கறேன். ஆறுதல் தள்ளுபடி, இருபது சதவீதம். அவர் மக மூணு நாளா சாப்பிடலையாம். இதைக் கேட்டா அவர் வாங்குவாரா?"

அந்த இடத்தில்தான் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. மூன்றாவது மாடி டிரைவர் வீட்டில் குட்டி செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வீட்டுத் தரையில், பாயில், குழந்தையின் செருப்பில் வைரஸ் அப்படியே கிடக்கிறது. அதே தரையில் இன்னொரு குட்டியை விட்டு, அதுவும் சாகிறதை அந்தக் குழந்தை மறுபடி பார்க்க, அதற்கு இருபது சதவீதம் தள்ளுபடி.

"துணிக்கடையில அப்பா அரை விரல் குறைச்சு அளந்தார்" என்றாள். "அதுக்குக் கொஞ்சம் கூச்சமாவது பட்டார். நான் கீழ போறேன். நீ வந்தா வா."

கூட்டம் வண்டி நிறுத்தும் இடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். மைக் வேலை செய்யவில்லை என்றாலும் சங்கத் தலைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினார். அவள் எழுந்து, நாய்களைச் சோதித்ததையும், குட்டிகளைக் கொன்ற வைரஸ் அவற்றிடம் இல்லை என்பதையும் சொன்னாள். பாதியிலேயே அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஒரு நாய்க்குப் பார்வோ இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கு, ஆனா..."

"இருக்கு. நிபுணரே சொல்லிட்டாங்க." அண்ணன் உட்கார்ந்தார். கூட்டம் சலசலத்தது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தலைவர் மைக்கை உயர்த்தினார். "வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சும்மா. ஒண்ணு ரெண்டு ரகம் முன்ன பின்ன இருந்தா என்ன, வைரஸ் வைரஸ்தானே?"

"அப்படிங்களா சார்?" அவள் குரல் உயரவில்லை, கூர்மையானது. "உங்க கார்ல ஒருத்தன் இடிச்சுட்டு ஓடிட்டான்னு வெச்சுக்குங்க. நம்பர் இருக்கு, கலர் இருக்கு. போலீஸ் வந்து, கார் கார்தானேன்னு சொல்லிட்டுத் தெருமுனையில நிக்கிற முதல் காரை இழுத்துட்டுப் போனா ஒத்துக்குவீங்களா? என் வேலையே அந்த நம்பரைப் படிக்கறதுதான். அஞ்சு குட்டிக்கும் ஒரே நம்பர். போல்ட்டுகிட்ட இருக்கறது வேற நம்பர். அந்த அஞ்சு குட்டியோட நம்பர் இன்னும் ஒரே ஓர் இடத்துலதான் கிடைச்சுது."

"எங்கம்மா?"

அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"உங்கள்ல நம்ம கடையில வாங்கினவங்க எல்லார் போன்லயும் அந்த இடத்தோட போட்டோ இருக்கு. குட்டி வாங்கின அன்னிக்கு எடுத்தது. குட்டி எதுமேல உக்கார்ந்திருக்குன்னு பாருங்க."

முதலில் பஸ் டிரைவர்தான் பின்வரிசையிலிருந்து போனை எடுத்தார். சீருடையோடே வந்திருந்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடி, ஒரு படத்தில் நிறுத்தினார். அவரும் மனைவியும், நடுவில் சிரிக்கும் மகள், அவள் கைக்குக் கீழே சிவப்பு வெல்வெட்டில் பழுப்பு நிறக் குட்டி. பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண். மங்கலான அந்த இடத்தில் ஒவ்வொன்றாக வெளிச்சச் சதுரங்கள் எரிந்தன. எல்லாவற்றிலும் வேறு வேறு முகங்கள், வேறு வேறு குட்டிகள், ஒரே சிவப்பு.

டிரைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கு எனக்கு ரெண்டாவது குட்டி தரேன்னு சொன்னீங்களே" என்றார். "அதையும் அதுமேலதான் உக்கார வைப்பீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. அண்ணிதான் எழுந்தாள். "வைக்க மாட்டார்ங்க. மெத்தையை நான் எடுத்து மூட்டை கட்டிட்டேன். கடையையும் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப வண்டி அட்வான்ஸ்?"

"தலைவரே, அந்த வண்டியை வரவழைச்சு மெத்தையை ஏத்தி அனுப்புங்க" என்றான் வாசலில் நின்ற மெக்கானிக். யாரோ சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அதோடு அடங்கியது. நாய்கள் அங்கேயே இருக்கட்டும், ஊசி மட்டும் போடலாம் என்று கையைத் தூக்கி முடிவெடுத்தார்கள். அவரவர் கையைத் தூக்கியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேலே வந்ததும் அவள் சாப்பாட்டு மேசைமேல் அண்ணனின் போனை வைத்தாள். அதில் இரண்டு மாதத்து மெத்தைப் போட்டோக்கள் எல்லாம், வாங்கியவர்களின் எண்களோடு வரிசையாக இருந்தன.

"ஒவ்வொருத்தரையா கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. நீதான் பேசணும்."

"நீ பேசேன். உனக்குத்தான் விவரம் தெரியும்."

"விவரம் கேட்டா நான் சொல்றேன். செய்தியை நீ சொல்லணும். வித்தவன் நீ."

முதல் அழைப்பில் அவர் "வணக்கம், விசுவாசம் கடையில இருந்து" என்று பழைய வியாபாரக் குரலில் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். "நான் உங்களுக்குக் குடுத்த குட்டி நோய் இருந்த மெத்தையில உக்கார்ந்தது. தப்பு என்னுது." அதற்குப் பிறகு மறுமுனையில் என்னென்னவோ விழுந்தது. அதில் பாதி அவர் அம்மாவையும் சேர்த்துத் திட்டியது. அவர் போனைக் கீழே வைக்கவில்லை. ஒரு வீட்டில் குட்டி அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்கள். இப்பவே தூக்கிக்கிட்டு மருத்துவமனைக்குப் போங்க, காத்திருக்காதீங்க என்று அவள் குறுக்கே புகுந்து கத்தினாள். அரைமணி நேரத்தில், டிரிப்ஸ் ஏறுகிறது என்று செய்தி வந்தது. செலவு யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. அண்ணனே, என்னோடது என்றார்.

பட்டியலின் அடிவரைக்கும் போய், மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்கள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

விற்றது பதினொன்று. செத்தது ஐந்து. நன்றாக இருப்பது மூன்று. டிரிப்ஸில் இருப்பது ஒன்று.

போன் எடுக்காத வீடு இரண்டு. பாக்கி.